ரத்தம் சொன்ன வயது

கட்கி
6 ஜனவரி 2025

ஜெயந்த்,

உன்னைப் போன்றவர்கள் தங்கி வேலை பழகுகிற தளேகாவ் ஹாஸ்டலுக்கு நீ போய் ஒரு வாரம் ஆகப்போகிறது. ‘போகிறேன், தேடாதே’ என்று காலண்டர் தாளின் பின்னால் கிறுக்கி வைத்துவிட்டுப் போனாயே, உன் அக்கா மனுஷியா மரக்கட்டையா? இன்று காலை காசிம் பாய் வந்து, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், அங்கே பட்டறையில் ரப்பர் வாஷர் எண்ணிப் பொட்டலம் கட்டுகிறாய் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். முகமில்லாத குரல் உனக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். காசிம் பாய் தினமும் இங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்துத்தான் அங்கே சமைக்கப் போகிறார், கையோடு கொண்டுவந்து தருவார். தமிழ் பேசுவாரே தவிர அவருக்குப் படிக்க வராது. நீயும் தைரியமாக எழுதலாம்.

என்மேல் என்ன கோபம் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். மாடிப்படி ஏறாதே என்றேன். சோற்றில் உப்பைக் குறைத்தேன். பீடிக்கட்டை ஒளித்து வைத்தேன். மதியம் நீ தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன், நீ விழித்துக்கொண்டாய். இதற்கெல்லாம் ஒருவன் வீட்டைவிட்டுப் போவானா?

மனச்சிதைவு என்று டாக்டர் பெயர் சொன்ன நாளிலிருந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உன்னைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். எட்டு ஒன்பது வருஷமாக உனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, வேலைக்குப் போய் வந்தாய். எல்லாம் நன்றாயிருக்கும்போது அக்காவுக்கு ஏன் கிறுக்கு பிடித்தது என்று நினைத்திருப்பாய். கிறுக்கு என்றே வைத்துக்கொள், ஆனால் வீட்டுக்கு வா.

மாத்திரை டப்பாவை மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறாய். வேளை தவறாமல் போடு.

சரசா

*

தளேகாவ்
9 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதத்தைக் காசிம் பாய் சப்பாத்தி சுற்றும் துணிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நெய் வாசனையோடு திட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. பயந்து வந்தேன்.

என் வியாதி எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்றேன். பஸ் கண்டக்டர் என்னைக் குறித்து வைத்துக்கொள்கிறான் என்றேன். யாரும் உன்னைப் பார்க்கவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு என்று நீயும் டாக்டரும் சொல்லிச் சொல்லி, அதை நான் நம்புவதற்குள் பாதி ஆயுசு போய்விட்டது. இப்போது நிஜமாகவே ஒருத்தி பார்க்கிறாள். நான் சாப்பிடும்போது பார்க்கிறாள். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுகிறாள். யாரிடமோ போனில் கிசுகிசுக்கிறாள், நான் வந்தால் வைத்துவிடுகிறாள். என்னைப் போன்ற ஒருவன் அந்த வீட்டில் எப்படி இருப்பான், நீயே சொல்.

இது பழைய வியாதி திரும்புகிறதா, இல்லை நிஜமாக நடக்கிறதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இங்கே வந்தேன். இங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படியானால் அங்கே நடந்தது நிஜம்.

நவம்பரில் நாம் இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தோமே, அதற்குப் பிறகுதான் நீ இப்படி ஆனாய். என்ன சொன்னார்கள்? கான்சரா? எதுவானாலும் எழுது. நீ ஒளித்து வைத்தால் என் மண்டை தானாக ஏதாவது தயாரித்துக்கொள்ளும். அது தயாரிப்பது எப்போதும் நிஜத்தைவிட மோசமாகத்தான் இருக்கும்.

ஜெயந்த்

*

கட்கி
12 ஜனவரி 2025

ஜெயந்த்,

கான்சர் இல்லை. உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா?

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ பார்வையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகு ஒளிப்பது பாவம் என்று தோன்றியது.

நமக்கு ரத்தம் எடுத்தாளே சஹானா என்கிற பெண், பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுவாளே, அவளிடம் போய் நான்தான் தொல்லை கொடுத்தேன். தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்லுகிற வழக்கமில்லை ஆன்ட்டி என்றாள். நான் விடவில்லை. போன் மேல் போன் போட்டேன், நீ கேட்ட கிசுகிசுப்பு அதுதான். டிசம்பரில் ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் மாதிரி இருக்கிறதாம். புடவைத் தலைப்பு பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுகிறோமே, அதுபோல அந்த நூலின் நுனியிலும் ஒரு காப்பு உண்டாம். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதோடு வயசாக ஆக நூலின் மேலேயே வேறு சில அடையாளங்களும் ஏறும். இதையெல்லாம் வைத்து ரத்தத்துக்கு என்ன வயசு என்று கணக்குப் போடுகிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அந்த வயசு முந்திக்கொண்டு ஓடுகிறதா என்பதுதான் அவர்கள் பார்க்கிற விஷயம். ஒப்பிட்டுப் பார்க்க, கூடப்பிறந்தவர்களில் வியாதி இல்லாத ஒருவர் வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

உனக்கு நாற்பத்தைந்து வயசு. உன் ரத்தத்துக்கு ஐம்பத்தெட்டு என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. பதிமூன்று வருஷம் என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது. அப்பா அறுபதில் போனார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன மனுஷன் திரும்பி வரவில்லை. அதிலிருந்து நீ படி ஏறினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நீ இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறேன். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலே அப்படித்தான் இருக்கிறது.

சொல்லிவிட்டேன். இனி சேர்ந்து பயப்படலாம், வா. பொங்கலுக்காவது வா.

சரசா

*

தளேகாவ்
15 ஜனவரி 2025

அக்கா,

நீ காசிம் பாயிடம் கொடுத்துவிட்ட பொங்கல் வந்தது. பட்டறையில் எல்லோருக்கும் ஒரு கரண்டி வைத்தார்.

கடிதத்தைப் படித்துவிட்டு முதல் நாள் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அட, இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன். மறுநாள்தான் யோசிக்க ஆரம்பித்தேன். நீயும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே சோறு, ஒரே தண்ணீர், ஒரே அப்பா அம்மா. நான் செய்து நீ செய்யாத காரியம் என்ன? பீடி உண்டு. ஆனால் அப்பா என்னைவிட அதிகமாகக் குடித்தார். மிச்சமிருப்பது ஒன்றுதான். இத்தனை வருஷமாகக் காலையிலும் மாலையிலும் நீ உள்ளங்கையில் வைத்துக் கொடுத்த மாத்திரை.

நிறுத்திவிட்டேன். ஹாஸ்டலில் காசிம் பாய்தான் எங்களுக்கு மாத்திரை எடுத்துத் தருகிறவர். அவர் எதிரில் நாக்குக்கடியில் வைத்துக்கொள்கிறேன், பிறகு துப்பிவிடுகிறேன். பழைய வித்தை, மறக்கவில்லை. அவரிடம் சொல்லிவிடாதே. சொன்னால் உனக்கு எழுதுவதையும் நிறுத்திவிடுவேன்.

உன்மேல் எனக்குக் குறையில்லை. நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தாய். ஆனால் என்னைப் பார்க்க வராதே. நீ பார்க்கிற பார்வையிலேயே எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிடுகிறது.

ஜெயந்த்

*

கட்கி
19 ஜனவரி 2025

ஜெயந்த்,

வராதே என்று எழுதியும் நேற்று வந்தேன். நான் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே டீக்கடை அருகில் நின்றது உனக்குத் தெரியும். அக்காவைப் பார்க்க விருப்பமில்லை என்று ஆள் அனுப்பிவிட்டாய். சரி. ஆனால் தெருப்பக்கம் இருக்கிற பட்டறை ஜன்னல் வழியாக நான் உன்னைப் பார்த்தேன். எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், நீ மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாய். உன் தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். யாரோ பேசுவதைக் கேட்கிறவனின் தலை அது.

திரும்பும் ரயிலில் நான் அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்த மராத்திக்காரப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

போன தடவை மாத்திரையை நிறுத்தியபோது என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். கட்கி ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை விட்டுத் தண்டவாளத்தில் இறங்கி நின்றாய். யாரோ ஒரு புண்ணியவான் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த ஹாஸ்டலுக்குப் பின்னாலும் தண்டவாளம் ஓடுகிறது. நான் எந்த வேலை செய்தாலும் என் கண்ணெதிரில் அதுதான் இருக்கிறது. பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து டி.சி. எழுதுகிறேன், பையன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன்.

இன்னும் காசிம் பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ எழுதுவதை விட்டுவிடுவாய், சொல்லாவிட்டால் உன்னையே விட்டுவிடுவேனோ என்று பயம். உன் டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார். அவரைப் போய்ப் பார்க்கிறேன். அதுவரை பொறு, எனக்காகப் பொறு. ரயில் பக்கம் போகாதே.

சரசா

*

தளேகாவ்
21 ஜனவரி 2025

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வந்துவிட்டது. அப்பா குரல்போல ஆரம்பித்தது, இப்போது யாருடைய குரல் மாதிரியும் இல்லை. வாஷர் எண்ணும்போது கூடவே எண்ணுகிறது. நாற்பத்தைந்துதான் ஆகிறது உனக்கு, ஆனால் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது என்கிறது. உன்னைப்பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்கிறது. நுனி தேய்கிற சத்தம் கேட்கிறதா என்று கேட்கிறது. கேட்கிறது அக்கா. அரிசி மூட்டைக்குள் எலி பல்லை உரசுகிற மாதிரி கேட்கிறது.

இது வெறும் குரல், நிஜமில்லை என்று எனக்குத் தெரிகிறது. இன்னும் தெரிகிறது. எவ்வளவு நாள் தெரியும் என்றுதான் தெரியவில்லை.

ரயில் வரும் நேரத்தில் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். காசிம் பாய் ஏதோ பேசிக்கொண்டே பூண்டு உரிக்கக் கொடுக்கிறார். நேற்று ரயில் சத்தம் வந்தபோது எழுந்தேன். அவர் என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார், பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

மாத்திரை போட்டால் தேயும். போடாவிட்டால் இது. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பள்ளமாக இருக்கிறது. நீ படித்தவள். நான் என்ன செய்வது?

ஜெ.

*

கட்கி
21 ஜனவரி 2025, மாலை

ஜெயந்த்,

காசிம் பாய் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் கதவருகே நிற்கிறார். “பதில் எழுதும்மா, இப்பவே எடுத்துனு போறேன், கடைசி லோக்கல் கீது” என்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீ உயிரோடு இருந்து என்னோடு கோபித்துக்கொள்.

காலையில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் சொன்னதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதப்போவதை நீ என்னை நம்பியோ அவரை நம்பியோ ஏற்றுக்கொள்ள வேண்டாம். உன்னையே நீ கேட்டுப் பார்த்தால் போதும்.

உங்கள் தம்பிக்கு எத்தனை வயதில் வியாதி வந்தது, எந்த வருஷம் பிறந்தான் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கு வருஷம் சட்டென்று வரவில்லை. நான் நாலு வயசுக் குழந்தையாக இருந்தபோது பிறந்தான் என்றேன். உங்களுக்கு இப்போது என்ன வயது என்றார். ஐம்பத்து மூன்று என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம்தான் நானும் ஐம்பத்து மூன்றில் நாலைக் கழித்துப் பார்த்தேன்.

ஜெயந்த், உனக்கு நாற்பத்தைந்து இல்லை.

நீ வேலூரில் மாமா வீட்டில் இருந்துவிட்டு ஒன்பது வயசில் இங்கே வந்தாய். பின்னால் அப்பாவின் ஃபேக்டரியிலேயே அப்ரண்டிஸ் சேரும்போது வயசு வரம்பு தாண்டிவிடக் கூடாதே என்று, உனக்கு ஐந்து வயசு என்று சொல்லி அப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். நம் குவார்ட்டர்ஸ் லைனில் எந்த வீட்டில் இது நடக்கவில்லை? ஆண்பிள்ளை என்றால் வீட்டு வயசு ஒன்று, சர்டிபிகேட் வயசு ஒன்று. எனக்கும் குறைத்துப் போடுங்கள் என்று அம்மா சொன்னாள். “பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு, அது இன்னா ஃபேக்டரிக்கா போவப்போவுது?” என்றார் அப்பா. அதனால் எனக்கு ஒரே வயசுதான்.

ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் சர்டிபிகேட் வயசைச் சொல்லிச் சொல்லி அதுவே உன் வயசு என்று நம் இரண்டு பேருக்கும் ஆகிவிட்டது. சஹானா கேட்டபோதும் அதையேதான் சொன்னோம். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், ஆதாரைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

உனக்கு நாற்பத்தொன்பது. ஆகவே பதிமூன்று வருஷம் இல்லை, ஒன்பது. ஒன்பது இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நாலு வருஷத்தை உன் உடம்பு தின்னவில்லை, மாத்திரை தின்னவில்லை. அப்பா தின்றது அது.

காசிம் பாய் நேரமாகிறது என்கிறார். இன்றைக்கு மாத்திரையைப் போடு.

சரசா

*

தளேகாவ்
27 ஜனவரி 2025

அக்கா,

காசிம் பாய் கடைசி லோக்கலில் திரும்பி வந்தார். உன் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் சமையல்கட்டிலேயே படுத்துக்கொண்டார். அவர் மனைவி ஷபானாவிடம் நீ போய் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நான் படித்தேன். முதலில் நம்பவில்லை. மாத்திரை போட வைக்க அக்கா கதை கட்டுகிறாள் என்றது குரல். அப்புறம் எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அந்த வகுப்பிலேயே மீசை முளைத்த பையன் நான் ஒருத்தன்தான். டிரில் மாஸ்டர் என்னை வாத்தியார் என்று நினைத்து நமஸ்தே சொன்னார். பையன்கள் ஒரு வருஷம் முழுக்க என்னை ‘மாமா, மாமா’ என்று கூப்பிட்டார்கள். அந்த அவமானத்தை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடனே குரலிடம் கேட்டேன், என் வயசு என்ன சொல் என்று. நாற்பத்தைந்து என்றது. மறுபடி கேட்டேன், மறுபடி நாற்பத்தைந்து என்றது. என்னைப்பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று இத்தனை நாள் மிரட்டிய மகாபுத்திசாலி ஆதார் கார்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தேன். காசிம் பாய் பயந்து எழுந்து லைட்டைப் போட்டார். அவர் எதிரில் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒருவேளையும் தவறவில்லை. குரல் இன்னும் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று இப்போது எழுது, தாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. நவம்பரில் அன்று காலை பக்கத்து நாற்காலியில் நீயும் கையை நீட்டினாய். உன் ரத்தத்தையும் எடுத்தார்கள். நாலு கடிதம் எழுதினாய், அதில் என் எண் மட்டும்தான் இருந்தது. உன்னுடையது என்ன?

ஜெயந்த்

*

கட்கி
30 ஜனவரி 2025

ஜெயந்த்,

ஷபானாவைப் போய்ப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். இந்தக் கணக்கு நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்து ஒரு போக்கைச் சொல்வதற்கு. ஒரு தனி ஆளின் ஆயுசை இதைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஜோசியம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. வியாதியா, பீடியா, மாத்திரையா, மனக்கஷ்டமா, எது எவ்வளவு தேய்க்கிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் உனக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பீடியை விட வேண்டும், சர்க்கரையும் இருதயமும் பார்க்க வேண்டும். பயப்படுவதைவிட அதைச் செய்யுங்கள் என்றார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கேட்க மாட்டாய் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று. என் ரத்தத்துக்கு அறுபத்து நாலு. எனக்குக் கழித்துக்கொள்ள அப்பா எதையும் விட்டுவைக்கவில்லை. வியாதியில்லாதவள் என்று ஒப்பிட என்னைக் கூப்பிட்டார்கள், கடைசியில் நான் உன்னைத் தாண்டி நிற்கிறேன். ரொம்ப வருஷம் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இப்படிக் காண்பதுண்டு என்று சஹானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். அந்தப் பெண் முதலில் உன் எண்ணைத்தான் சொன்னாள். அந்த ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஜெயந்த். நமக்கு முன்னால் இவன் போய்விடுவான், நமக்குப் பிறகு இவன் தெருவில் நிற்க மாட்டான், அப்பாடா என்று இருந்தது. என் தம்பி சாகப்போகிறான் என்று கேட்டு அப்பாடா என்றவள் நான். உன் எண்ணுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை என்று எழுதினேனே, அது பொய்; அதற்கடுத்துத்தான் என் எண்ணைச் சொன்னாள். அன்றிலிருந்துதான் உன் மூக்கருகே விரல் வைக்க ஆரம்பித்தேன். உனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேனா, என்னையே எதற்கோ தண்டித்துக்கொண்டேனா, எனக்கே தெரியாது.

இரண்டு மாதமாக மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது, இடது தோள் வலிக்கிறது. வயசாகிறது, வேறென்ன. எனக்கு ஏதாவது ஆனால் உனக்கு யார் என்று நினைத்தால் இரண்டு வாய்ச் சோறு இறங்குவதில்லை. இதைப் படித்துவிட்டு நீ என் முகத்தில் விழிக்காவிட்டால் அதுவும் சரிதான். ஆனாலும் கேட்கிறேன், வீட்டுக்கு வந்துவிடு.

சரசா

*

தளேகாவ்
3 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யாமல் எழுத விரும்பவில்லை.

அப்பாடா என்று நினைத்தாயாமே. நானும் நினைத்திருக்கிறேன் அக்கா, ஒரு தடவை இல்லை. நான் போய்விட்டால் அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும் என்று. தண்டவாளத்தில் இறங்கினேனே, அன்று எல்லாமே குரல் சொல்லிச் செய்ததில்லை. இதை இத்தனை வருஷம் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது இரண்டு பேரும் சொல்லிவிட்டோம், இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் வீட்டுக்கு வரவில்லை. ஹாஸ்டல் வார்டனிடம் பேசிவிட்டேன். இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேன் என்றேன், ஒப்புக்கொண்டார். பட்டறை வேலை இருக்கிறது, மாத்திரை கொடுக்கக் காசிம் பாய் இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் இருப்பார். உனக்குப் பிறகு எனக்கு யார் என்ற கேள்விக்கு இப்போதே பதில் வைத்துவிடுகிறேன். இனிமேல் அதை நினைத்து நீ சாப்பாட்டைத் தள்ளி வைக்க வேண்டாம். பீடி பாதியாகிவிட்டது, மீதியும் போகும்.

எனக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதே. இங்கே தனியாக இருக்கப் பயம். அந்தக் குரல் மறுபடி கிட்டே வந்துவிடுமோ என்று பயம். ரத்தம் முந்திக்கொண்டு ஓடிய அந்த ஒன்பது வருஷத்தை நினைத்துப் பயம். ஆனால் பயப்படுகிற வேலையில் நான் உனக்கு சீனியர், எனக்கு அனுபவம் உண்டு. உன்னுடைய மூச்சு வாங்குதலையும் தோள் வலியையும் படித்தபோது வந்த பயம்தான் எனக்குப் புதிது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன். இதுவரை எல்லோரும் எனக்காகப் பயந்தார்கள். நான் யாருக்காகவாவது பயப்படலாம் என்று ஒருவரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை.

வயசாகிறது என்று சொல்லித் தட்டிக் கழிக்காதே. இதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டதே தப்பு. ஆகவே நாளைக் காலை, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கட்கி ஸ்டேஷனுக்கு வெளியே நில். முதல் லோக்கலில் வருகிறேன். இருதய டாக்டரிடம் போகிறோம். நீ பையைத் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது.

அங்கே முதலில் பேஷன்ட் யார் என்று கேட்பார்கள். பழக்கதோஷத்தில் என்னைக் காட்டிவிடாதே. அடுத்து, கூட வந்தவர் யார் என்று கேட்பார்கள். நீ பேசாமல் உட்கார்ந்திரு அக்கா. நான் எழுந்து நிற்கிறேன்.

ஜெயந்த்